ஆவடியில் ஒரு தீர்மானம், கல்லுப்பட்டியில் ஒரு குடிசை



நம் ஆவடிக்கு இந்திய அரசியல் வரலாற்றில் ஓர் இடம் உண்டு. நம் இளையோரில் பலர் இதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. டேங்க் ஃபேக்டரி வருவதற்கு முன்பே, 1955 ஆம் ஆண்டு ஜனவரி மாதம், காங்கிரஸ் கட்சியின் 60 ஆவது மாநாடு இங்கேதான் கூடியது. மாநாட்டுத் திடலுக்கு சத்தியமூர்த்தி நகர் என்று பெயர் வைத்தார்கள். தலைமை வகித்தவர் யு.என். தேபர். பிரதமர் நேரு வந்திருந்தார். நம் மாநிலத்தின் முதலமைச்சர் காமராஜர். சோஷலிச பாணிச் சமுதாயத்தை அமைப்பதே இனி நாட்டின் குறிக்கோள் என்று அந்த மாநாடு முடிவு செய்தது. ஆவடித் தீர்மானம் என்று பாடப்புத்தகங்களில் இடம்பெற்றது அதுதான்.

தேசம் முழுவதும் ஆவடியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாள்களில், தெற்கே மதுரையைத் தாண்டி டி. கல்லுப்பட்டி என்ற ஊரில், ஒரு சிறு குடிசையில், இரத்தக் கொதிப்பு நோயோடு ஒரு முதியவர் வாழ்ந்துகொண்டிருந்தார். அதே காங்கிரஸ் இயக்கத்துக்காகப் பலமுறை சிறை சென்றவர். ஏழை உழவனுக்கு நிலமும் கிராமத்துக்குத் தொழிலும் கிடைக்க என்ன செய்ய வேண்டும் என்று அதே கட்சிக்காக அறிக்கை எழுதிக் கொடுத்தவர். தம் தோழர்கள் அரியணையில் அமர்ந்த பிறகு, தாம் சொன்னவை அலமாரியில் தூங்குவதைக் கண்ணால் கண்டவர். அவர்தான் ஜே.சி. குமரப்பா. கிறிஸ்தவர், நம் தஞ்சாவூர் மண்ணில் பிறந்த தமிழர்.

இவரைப் பற்றி இப்போது சிந்திக்கக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் நம் அன்பியக் கூட்டங்களிலும், ஆலய முற்றத்திலும், டீக்கடை பெஞ்சிலும் ஒரே பேச்சைத்தான் கேட்கிறோம். யார் வந்தாலும் இப்படித்தான், எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள், நாம் ஒருவர் என்ன செய்துவிட முடியும் என்பதே அந்தப் பேச்சு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஏமாற்றம் உண்மையானது. ஆனால் அந்த ஏமாற்றத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் கையைக் கட்டிக்கொள்ள ஒரு சாக்காகத்தான் அதைப் பயன்படுத்துகிறோம். நம்மைவிடப் பல மடங்கு ஏமாந்தவர் குமரப்பா. அவர் அதை எப்படிச் சுமந்தார் என்று பார்ப்போம்.

1892 ஆம் ஆண்டு ஜனவரி 4 அன்று தஞ்சையில் பிறந்தார். அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியுஸ். தந்தை பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். தாயார் எஸ்தர் அம்மாள் பக்தியும் கண்டிப்பும் மிக்கவர். பிள்ளைகள் கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, கோழி வாங்கி வளர்த்து விற்கச் சொல்வார். கிடைக்கிற லாபத்தை ஏழைகளுக்குக் கொடுக்க வைப்பார். தாலந்து உவமையை மறையுரையில் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்தத் தாய் அதை வீட்டுக் கொல்லையில் நடத்திக் காட்டினார். கையில் கொடுக்கப்பட்டதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் குமரப்பாவை விட்டு இறுதிவரை போகவில்லை.

கணக்குதான் அவர் தொழிலாகவும் ஆனது. லண்டனில் கணக்காய்வுப் படிப்பை முடித்து, அங்கேயே வேலையும் பார்த்தார். பிறகு தாயின் விருப்பப்படி நாடு திரும்பி, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். ஆங்கிலேயரைப் போல உடை, ஆங்கிலேயரைப் போல வாழ்க்கை. 1927 இல் அமெரிக்கா சென்றார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார். இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்ற பொருளில் அங்கே ஓர் ஆலயத்தில் அவர் ஆற்றிய உரை பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த அவருடைய பேராசிரியர் செலிக்மன், அதையே ஆய்வாகச் செய் என்றார். அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்குகளைப் புரட்டப் புரட்ட, தணிக்கையாளரின் கண்ணுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. வரி கட்டுகிறவன் ஒருவன், அதன் பயனை அனுபவிக்கிறவன் வேறொருவன். அது வரை ஆங்கிலேய ஆட்சியைப் பெரிதாகக் கேள்வி கேட்காத மனிதர், கணக்குப் புத்தகம் வழியாகவே தேசபக்தர் ஆனார். 1929 இல் நாடு திரும்பியதும் குமரப்பா என்ற தம் குடும்பப் பெயரையே மீண்டும் சூட்டிக்கொண்டார்.

எழுதிய ஆய்வை எடுத்துக்கொண்டு, 1929 மே மாதம் சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். கோட்டு சூட்டு, கையில் கைத்தடி. வழியில் ஒரு மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில், ஒரு கிழவர் இராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். இராட்டையை அதுவரை பார்த்திராத குமரப்பா, தடியை ஊன்றிக்கொண்டு சில நிமிடம் வேடிக்கை பார்த்தார். கிழவர் நிமிர்ந்து, நீங்கள்தான் குமரப்பாவா என்று விசாரித்தபோதுதான், தாம் பார்க்க வந்த காந்தியடிகள் இவர்தான் என்று விளங்கியது. இஸ்திரி மடிப்புக் கலையாத கால்சட்டையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி கொண்டு வந்தார்கள், வேண்டாம் என்றார். காந்தியடிகள் அவருடைய கட்டுரையை யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட்டார். அதோடு, குஜராத்தின் கேடா மாவட்டத்திலுள்ள மாத்தர் தாலுகா மக்களின் உண்மையான பொருளாதார நிலையை ஆராய்ந்து வரும்படி அனுப்பினார்.

ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில், குஜராத் வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார் குமரப்பா. இந்தக் குடும்பத்துக்கு வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு, அரசுக்குக் கட்டுகிற தீர்வை எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். மேடையில் முழங்குவதைவிட அரசாங்கத்தை அதிகம் தொந்தரவு செய்தது இந்தக் கணக்குதான் என்பது நம் எண்ணம். முழக்கத்துக்கு மறுமுழக்கம் போட்டுவிடலாம். கூட்டல் கழித்தலுக்கு என்ன பதில் சொல்வது?

உப்புச் சத்தியாக்கிரகக் காலத்தில் யங் இந்தியாவில் எழுதினார். 1931 இல் ஓராண்டுக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. காந்தி இர்வின் ஒப்பந்தத்தால் சீக்கிரம் விடுதலையானார். அடுத்த ஆண்டே மீண்டும் சிறை, இம்முறை இரண்டரை ஆண்டுத் தண்டனை. இதற்கிடையில், கிறிஸ்துவின் சீடர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம், வன்முறையற்ற ஒரு மக்கள் போராட்டத்தின் மீது தடியடி நடக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்கலாமா என்று கல்கத்தாவிலிருந்த ஆங்கிலிக்கன் தலைமை ஆயர் ஃபாஸ் வெஸ்ட்காட்டுக்குக் கடிதம் எழுதினார். சாதகமான பதில் வரவில்லை. பிற சபையில் நடந்த விவகாரம்தானே என்று நாம் தாண்டிப் போய்விட முடியாது. அதிகாரத்தோடு உரசாமல் இருந்தால் போதும் என்ற எண்ணம் எந்தச் சபைக்கும் புதியதல்ல. அரசு ஏமாற்றியதற்கு முன்பே, தம் சொந்தத் திருச்சபை தரப்பிலிருந்து ஏமாற்றம் கண்டவர் குமரப்பா. ஆனால் அவர் இயேசுவை விட்டுப் போகவில்லை. மாறாக, இயேசுவின் போதனையை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒதுக்கிவைக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக நின்றார்.

1934 ஜனவரியில் பீகாரில் பெரும் நிலநடுக்கம். நிவாரணப் பணிக்கு நாடெங்கிலுமிருந்து பணம் குவிந்தது. ராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த அந்தப் பணியில் கணக்குப் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர் ஒருவரின் ஒரு நாள் சாப்பாட்டுக்கு மூன்று அணா, அதற்கு மேல் கிடையாது என்று விதித்துவிட்டார். பாட்னாவில் நடந்த கூட்டத்துக்குக் காந்தியடிகளும் அவருடன் இருந்தவர்களும் வந்தார்கள். ஆட்டுப்பால், பழம், பருப்பு என்று அவர்கள் உணவுக்கு மூன்று அணா எப்படிப் போதும்? குமரப்பா நேராக மகாதேவ தேசாயிடம் போய், உங்கள் குழுவின் சாப்பாட்டுச் செலவையும் மோட்டார் செலவையும் நிவாரண நிதியிலிருந்து தர இயலாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். விஷயம் காந்தியடிகளிடம் போனது. கூப்பிட்டு விசாரித்தார். வீடிழந்தவனுக்காக மக்கள் கொடுத்த பணம் இது, இதில் விருந்து போட எனக்கு உரிமை இல்லை என்பது குமரப்பாவின் விளக்கம். காந்தியடிகள் ஏற்றுக்கொண்டார்.

இந்த நிகழ்ச்சியை நம் பங்குப் பேரவைகளிலும் திருவிழாக் குழுக்களிலும் ஒருமுறை வாசித்துக் காட்டினால் நல்லது. அரசியல்வாதி சாப்பிடுகிறான் என்று பேசுகிற நாம், திருவிழா வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோமா?

1934 டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கப்பட்டபோது குமரப்பா அதன் செயலர் ஆனார். வார்தாவிலுள்ள மகன்வாடிதான் தலைமையிடம். கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கைக்காகிதம், மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும் விளக்கு என்று ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்து, கிராமத்தவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வெளிநாட்டில் படித்த மேதை செக்கு மாட்டோடு நிற்கிறாரே என்று சிரித்தவர்கள் உண்டு. இன்று சூப்பர் மார்க்கெட்டில் செக்கு எண்ணெய்க்கு நாம் கொடுக்கிற விலையைப் பார்த்தால், அவர் சிரிப்பார் என்று தோன்றுகிறது.

1942 போராட்டத்தில் மறுபடியும் கைதாகி ஜபல்பூர் சிறையில் இருந்தபோது இரண்டு புத்தகங்களை எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டுக்கும் காந்தியடிகள் முன்னுரை எழுதினார். இரண்டாவது புத்தகத்தில் அவர் இயற்கையைப் பார்த்துப் பாடம் படிக்கிறார். ஆட்டைக் கொன்று தின்னும் புலியைப் போன்ற வாழ்வு உண்டு. மாந்தோப்பில் புகுந்து, நட்டதும் இல்லை, நீர் ஊற்றியதும் இல்லை, பழத்தை மட்டும் தின்றுவிட்டு ஓடும் குரங்கைப் போன்ற வாழ்வு உண்டு. தன் உழைப்பில் தன் கூட்டைக் கட்டும் பறவை அதற்கு மேல். கூட்டுக்கே தேன் சேர்க்கும் தேனீ இன்னும் மேல். திரும்ப எதையும் எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவையின் வாழ்வே எல்லாவற்றிலும் உயர்ந்தது. நாட்டை ஆளுகிறவன் மட்டுமல்ல, நாம் ஒவ்வொருவரும் இந்த வரிசையில் எங்கோ ஓர் இடத்தில் நிற்கிறோம். ஏரி தூர்ந்துவிட்டது என்று குற்றம் சொல்லிக்கொண்டே, வீட்டுக் குப்பையைக் கட்டி ஏரிக்கரையில் வீசுகிறவர் குரங்கின் இடத்தில்தான் நிற்கிறார். அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு ஏரிகளுக்கு அருகில் குடியிருக்கும் நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எடுத்தால் தீர்ந்துபோகிற நிலக்கரி, எண்ணெய் போன்ற வளங்களைச் சேமிப்புத் தொட்டி என்றும், மீண்டும் மீண்டும் ஊறிவருகிற வளங்களை ஓடும் நீர் என்றும் அவர் பிரித்துப் பார்த்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலை வெளியிட்டபோது உலகமே வியந்தது. அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் சிறைக்குள் அமர்ந்து ஏறத்தாழ அதே கவலையோடு எழுதியிருக்கிறார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

விடுதலை வந்தது. ஏமாற்றமும் கூடவே வந்தது.

1938 இல் நேரு தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவிலேயே குமரப்பாவால் நீடிக்க முடியவில்லை. பெரிய ஆலைகளை வைத்தே எல்லாவற்றையும் அவர்கள் யோசிக்கிறார்கள் என்று விலகிவிட்டார். விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவரே தலைவர். நாடெங்கும் சுற்றி, 1949 இல் அறிக்கை தந்தது அந்தக் குழு. உழுகிறவனுக்கே நிலம், இடைத்தரகர் ஒழிய வேண்டும், நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்பவை அதன் சாரம். ஜமீன்தாரி முறை பல மாநிலங்களில் ஒழிந்தது. மற்றவை இழுபறியாயின. நம் மாநிலத்தில் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் உச்சவரம்புச் சட்டம் வந்ததே 1961 இல்தான். அதைப் பார்க்க அவர் இல்லை.

தில்லியில் நடந்த ஒன்றைச் சொல்வார்கள். திட்டக் குழு தொடர்பான ஒரு கூட்டத்துக்குக் குமரப்பா குதிரை வண்டியில் போனார். அந்தச் சாலையில் குதிரை வண்டிக்கு அனுமதி இல்லை என்று காவலர் நிறுத்திவிட்டார். கூட்டத்தில் அவர் இதைக் கிளப்பினார். இராணுவ லாரிகள் வேகமாக வரும், வண்டிக்காரர்களின் பாதுகாப்புக்காகத்தான் தடை என்று பிரதமர் விளக்கம் சொன்னாராம். அப்படியானால் ஆபத்தை உண்டாக்குகிற லாரியை அல்லவா நிறுத்த வேண்டும், ஏழையின் வண்டியை ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டாராம் குமரப்பா. வேடிக்கையான நிகழ்ச்சிதான். ஆனால் புதிய ஆட்சியைப் பற்றிய அவருடைய துயரம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

ஏமாந்த மனிதர்கள் பொதுவாக மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்வதைப் பார்க்கிறோம். சிலர் பதவிக்கு விலைபோகிறார்கள். சிலர் கசந்துபோய் எல்லாரையும் திட்டிக்கொண்டே காலம் கழிக்கிறார்கள். சிலர் இனி எனக்கு ஜெபம் மட்டும் போதும் என்று கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இந்த மூன்றாவது வழி நம்மைப் போன்ற பக்தர்களுக்கு மிகவும் கவர்ச்சியானது. குமரப்பா இந்த மூன்றில் எதையும் எடுக்கவில்லை. ஆட்சியாளர்களைப் பெயர் சொல்லிக் கண்டித்தார். நண்பர்களாயிற்றே என்று பார்க்கவில்லை. அதே வேளையில் வார்தாவுக்கு அருகிலுள்ள செல்டோ கிராமத்தில் பண்ணை ஆசிரமம் ஒன்றைத் தொடங்கி, தாம் நம்பிய விவசாயத்தைத் தாமே செய்து பார்த்தார். அரசு செய்ய மறுத்ததை, தம் கைக்கு எட்டிய அளவில் செய்தார்.

அவர் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நாம் சொல்ல வரவில்லை. முன்கோபி. யாரோடும் எளிதில் ஒத்துப்போகாதவர். 1951 இல் சீனாவுக்கும் அடுத்த ஆண்டு சோவியத் நாட்டுக்கும் போய்வந்து, அங்குள்ள நிலச் சீர்திருத்தத்தைப் பாராட்டிப் பேசினார். சீனாவிலிருந்து நம் மறைப்பணியாளர்கள் விரட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பாராட்டு நமக்கு உறுத்தத்தான் செய்கிறது. பெருந்தொழில்களைப் பற்றிய அவருடைய கடுமையும் அப்படித்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடித் தொழிற்சாலைகளும் நம் பங்கு மக்களில் பலருக்குச் சோறு போட்டிருக்கின்றன, பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கின்றன. இதை மறந்துவிட்டுப் பேசுவது நன்றிகெட்ட செயலாகிவிடும். ஆனால் ஆலை கதவடைத்தபோதும், நிரந்தரப் பணி ஒப்பந்தப் பணியாக மாறியபோதும் அதே குடும்பங்கள் பட்ட பாட்டையும் பார்த்திருக்கிறோம். எங்கோ இருக்கிற ஒருவரின் முடிவையே நம்பி வாழ்வதில் உள்ள ஆபத்தை அவர் முன்கூட்டியே கண்டார் என்பதை மறுக்க முடியாது.

நம் திருச்சபையின் சமூகப் போதனையிலும் இதே சிந்தனை உண்டு. குமரப்பா முதன்முறை சிறை சென்ற அதே 1931 இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் வெளியிட்ட சுற்றுமடல், சிறிய அமைப்புகள் தாமே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்புகள் பறித்துக்கொள்ளக் கூடாது என்று கற்பித்தது. இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு, அதை நாம் அதிகம் பேசுவதில்லை. நாம் செய்யக்கூடியதை நாமே பெரியவர்கள் தலையில் கட்டிவிடுவதும் தவறுதான். அம்பத்தூர் 2011 இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019 இல் தனி மாநகராட்சியானது. கிராம சபை போல நகர்ப்புறத்திலும் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 இல் தொடங்கின. அந்தக் கூட்டத்துக்குப் போய், நம் தெருவுக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவு எவ்வளவு, மீதி எங்கே என்று ஒரு தாளில் எழுதிக் கேட்க எம்.ஏ. பட்டம் தேவையில்லை. கோழி வளர்த்துக் கணக்குக் கொடுத்த தஞ்சாவூர்ப் பையனுக்குத் தெரிந்த கணக்கு போதும்.

உடல் தளர்ந்தபின், 1950களின் நடுவில், குமரப்பா டி. கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். 1940 இல் கோ. வேங்கடாசலபதி தொடங்கிய ஆசிரமம் அது. இரத்தக் கொதிப்பு அதிகம், மருத்துவர்கள் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார்கள். அங்கேயும் எழுதினார், வந்தவர்களோடு வாதாடினார், இளம் ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆவடியில் தீர்மானம் நிறைவேறியது அந்தக் காலத்தில்தான்.

அவருடைய குடிசையில் காந்தியடிகளின் படம் ஒன்று இருந்தது. பார்க்க வருகிறவர்களிடம் அதைக் காட்டி, இவர் என் குரு என்பார். பக்கத்தில் இன்னொரு படம் உண்டு. மேலாடை இல்லாத ஒரு சாதாரணக் கிராமத்து ஏழையின் படம். அதைக் காட்டி, இவர் என் குருவுக்குக் குரு என்பார். முதல் படத்தில் இருந்தவரின் பெயரைச் சொல்லி ஆட்சிக்கு வந்தவர்கள் பலர். இரண்டாவது படத்தில் இருந்தவருக்குத்தான் குமரப்பா கடைசிவரை கணக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

திருமணம் செய்துகொள்ளாதவர். சொத்து சேர்க்காதவர். காந்தியடிகள் சுடப்பட்டு இறந்து சரியாக 12 ஆண்டுகள் கழித்து, அதே ஜனவரி 30 ஆம் நாள், 1960 இல், தமது 68 ஆம் வயதில் இறைவனிடம் சேர்ந்தார்.